பருப்பில் இருப்பது நஞ்சா, மருந்தா?

சில ஆண்டுகளுக்கு முன்பு என் மனைவியின் முடக்குவாதம் கடுமையானபோது, நோயெதிர்ப்பு மண்டலத்தின் வேகத்தைத் தணிக்கும் ஊசி மருந்தைத் தொடங்கலாம் என்று மருத்துவர் முடிவு செய்தார். அதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை அவசியம் என்றார். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நோய் வெளிப்படாமலேயே அந்தக் கிருமியைச் சுமந்திருப்போர் அதைவிடப் பன்மடங்கு அதிகம். அப்படி உறங்கிக் கிடக்கும் கிருமி, உடலின் காவல் தளர்ந்தால் விழித்துக் கொள்ளும். ஆகவே, காவலைத் தளர்த்தும் மருந்தைத் தருவதற்கு முன், உடலில் கிருமி உண்டா, இல்லையா என்று அறிந்தாக வேண்டும்.

ஆய்வகத்திலிருந்து வந்த அறிக்கையில் 'உண்டு' என்றும் இல்லை. 'இல்லை' என்றும் இல்லை. 'முடிவு கூற இயலாது' என்று இருந்தது. காரணம் கேட்டபோது மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இந்தச் சோதனையில் ரத்தத்தைச் சில குழாய்களில் பிரித்து, உடலின் வெப்பநிலையில் ஓர் இரவு வைத்திருப்பார்கள். ஒரு குழாயில் எதையும் சேர்ப்பதில்லை. இன்னொன்றில் காசநோய்க் கிருமியின் புரதத் துணுக்குகள் இருக்கும். அந்தக் கிருமியை முன்பே சந்தித்த வெள்ளணுக்கள் ரத்தத்தில் இருந்தால், அவை அடையாளம் கண்டுகொண்டு 'இன்டர்பெரான் காமா' என்ற வேதிப்பொருளை வெளியிடும். கடைசிக் குழாயில் இருப்பது ராஜ்மா விதையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு புரதம். காசநோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நல்ல நிலையில் உள்ள வெள்ளணுக்கள் அதைக் கண்டதும் எழுந்தாக வேண்டும். என் மனைவியின் அணுக்கள் எழவில்லை. அப்போது அவர் உட்கொண்டிருந்த ஸ்டீராய்டு மருந்து அவற்றை அடக்கி வைத்திருந்தது. 'எழுப்பினாலும் எழாத காவலாளி, திருடன் வரவில்லை என்று சொன்னால் அதை எப்படி நம்புவது' என்று கேட்டார் மருத்துவர்.

பொருளியல் ஆய்வுக்காகக் கிராமங்களில் அலைந்த எனக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. ஒரு கிராமத்தில் கடன் குறித்துக் கணக்கெடுத்தபோது, வீட்டுக்கு வீடு 'கடன் இல்லை' என்றே பதில் வந்தது. வட்டிக்குக் கொடுப்பவரின் ஆள் எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார் என்பது மாலையில்தான் தெரிந்தது. அன்றிலிருந்து, பதில் எங்களுக்கு முன்பே தெரிந்த ஒரு கேள்வியையும் பட்டியலில் சேர்த்துக் கொண்டோம். அதற்கே சரியான பதில் வராவிட்டால் மற்ற பதில்களை ஒதுக்கிவிடுவோம். ரத்தச் சோதனையில் அந்தக் கேள்வியின் இடத்தில் ராஜ்மாவின் புரதம் இருப்பதைக் கண்டபோது வியப்பு மேலிட்டது.

அந்தப் புரதம் 'லெக்டின்' என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. அதே சொல்லை வேறோர் இடத்திலும் கேட்டேன். என்னுடன் காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர், வங்கிப் பணியில் ஓய்வு பெற்றவர், பருப்பையும் பயறையும் அறவே விட்டுவிட்டார். 'பருப்பில் லெக்டின் என்ற நஞ்சு இருக்கிறது. நோயெதிர்ப்பு மண்டலத்தையே குலைத்துவிடும்' என்று கைப்பேசியில் வந்த ஒரு காணொலி அவரை அச்சுறுத்தியிருந்தது. இன்னொரு நண்பரோ எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட மூலிகைப் பொடியை மாதந்தோறும் வாங்கி வருகிறார். ஒருவர் எதிர்ப்பு மண்டலம் தூண்டப்படுவதற்கு அஞ்சுகிறார். மற்றவர் அதைத் தூண்டப் பணம் செலவிடுகிறார். இவ்விரண்டுக்கும் பின்னால் இருக்கும் அறிவியல் என்ன என்று தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

லெக்டின் என்பது சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் புரதம். இங்கே சர்க்கரை என்பது காப்பியில் இடுவது மட்டுமல்ல. நம் உடலின் ஒவ்வொரு செல்லின் மேற்பரப்பிலும் பல வகைச் சர்க்கரைகள் சங்கிலிகளாகக் கோக்கப்பட்டு, புல்வெளி போல் அடர்ந்து நிற்கின்றன. செல்லின் வகைக்கும் வயதுக்கும் நிலைக்கும் ஏற்ப இந்தச் சங்கிலிகளின் அமைப்பு மாறும். ஒவ்வொரு லெக்டினும் தனக்கு உரிய சர்க்கரை அமைப்பை மட்டுமே பற்றும். அதனால்தான், தேர்ந்தெடுத்தல் என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து, 1954-இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் பாய்ட் இந்தப் புரதங்களுக்கு லெக்டின் என்று பெயரிட்டார். விதைகளில், குறிப்பாக அவரைக் குடும்பத்து விதைகளில், இவை நிறைந்திருக்கின்றன. ஓடி ஒளிய முடியாத தாவரம், தன் விதையைத் தின்ன வரும் பூச்சிக்கும் விலங்குக்கும் எதிராக வைத்திருக்கும் காப்புகளில் லெக்டினும் ஒன்று என்பது அறிவியலாளர்களின் கருத்து.

இதன் வரலாறு நமக்கு நன்கு பழக்கமான விதையில் தொடங்குகிறது. 1888-இல், இன்று எஸ்தோனியா நாட்டில் இருக்கும் டோர்பட் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஸ்டில்மார்க் என்ற மாணவர் தமது முனைவர் பட்டத்துக்காக ஆமணக்கு விதையின் நஞ்சை ஆராய்ந்தார். விதையின் சாற்றை ரத்தத்தில் கலந்தபோது சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன. அந்தச் சாற்றில் இருந்த புரதத்துக்கு 'ரைசின்' என்று பெயரிட்டார். பின்னர் குன்றிமணியிலிருந்து 'அப்ரின்' என்ற புரதம் கிடைத்தது. நம் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுக்கப் பயன்படுத்திய அதே குன்றிமணிதான்.

இவ்விரு விதை நஞ்சுகளும் நோயெதிர்ப்பு இயலின் அடித்தளத்தையே அமைத்தன. 1891-இல் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக், எலிகளுக்கு மிகச் சிறு அளவில் ரைசினைக் கொடுத்துப் படிப்படியாக அளவைக் கூட்டினார். இறுதியில் அவை, சாதாரண எலிகளைக் கொல்லும் அளவைப் பலமடங்கு தாங்கின. ஆனால், ரைசினைத் தாங்கிய எலி அப்ரினுக்கு இரையானது. அப்ரினைத் தாங்கியது ரைசினுக்கு இரையானது. உடல் ஒவ்வொரு பகைவனையும் தனித்தனியாக அடையாளம் கண்டு, தனித்தனியாக நினைவில் கொள்கிறது என்பதற்கு அது தெளிவான சான்று. தாய் எலி பெற்ற பாதுகாப்பு, பாலின் வழியாகக் குட்டிக்கும் சேர்வதை அவர் காட்டினார். எர்லிக்குக்கு 1908-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சர்க்கரைக்கும் லெக்டினுக்கும் உள்ள தொடர்பு வெளிப்பட மேலும் காலம் பிடித்தது. அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர் 1919-இல் வாளவரையிலிருந்து 'கான்கனாவலின்-ஏ' என்ற புரதத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அது ரத்த அணுக்களைத் திரட்டுவதையும், கரும்புச் சர்க்கரையைச் சேர்த்தால் அந்தத் திரட்சி நின்றுவிடுவதையும் 1936-இல் அவரும் ஹாவல் என்பவரும் பதிவு செய்தனர். புரதத்தின் பிடியைச் சர்க்கரை நிரப்பிவிட்டால் செல்லைப் பற்ற அதற்குக் கை இருக்காது என்பதே இதன் பொருள்.

நம் நாட்டுக் கொள்ளுக்கும் இதில் பங்கு உண்டு. கொள்ளு விதையின் சாறு மனித ரத்தத்தில் ஏ வகைச் சிவப்பணுக்களைத் தேர்ந்து திரட்டுகிறது என்பதை ஜி.டபிள்யூ.ஜி. பேர்ட் என்ற மருத்துவர் 1951-இல் 'கரண்ட் சயின்ஸ்' என்ற இந்திய அறிவியல் இதழில் வெளியிட்டார். ஏ பிரிவின் உள்வகைகளைப் பிரித்தறிய உலகெங்கும் ரத்த வங்கிகளில் கொள்ளு லெக்டின் இன்றும் பயன்படுகிறது. ரசம் வைக்கும் கொள்ளுக்கு இப்படி ஒரு பணியும் உண்டு என்பதைப் பலர் அறிய மாட்டார்கள்.

இதுவரை பேசியது சிவப்பணுக்களை. நோயெதிர்ப்புச் செல்களின் கதை திசை மாறியது 1960-இல். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல் என்ற மருத்துவ ஆய்வாளர் ரத்தப் புற்றுநோயாளிகளின் வெள்ளணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து வந்தார். ரத்தத்திலிருந்து சிவப்பணுக்களை ஒட்டவைத்து அகற்றுவதற்கு ராஜ்மாவின் சாறு அக்காலத்தில் வழக்கமாகப் பயன்பட்டது. அதன் பெயர் 'பைட்டோஹீமக்ளூட்டினின்'. வாயில் நுழையாத பெயர் என்பதால் ஆய்வாளர்களும் பி.எச்.ஏ. என்றே அழைக்கிறார்கள். புற்றுநோய் இல்லாதவர்களின் வெள்ளணுக்களும் இரண்டு, மூன்று நாள்களில் பெருத்துப் பிரிந்து பெருகுவதை நோவெல் கண்டார். காரணத்தை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தபோது, பழி அந்தச் சாற்றின் மீது வந்து நின்றது.

இது சாதாரணக் கண்டுபிடிப்பு அல்ல. ரத்தத்தில் ஓடும் லிம்போசைட் என்ற சிறு வெள்ளணு, தன் வாழ்வின் இறுதிக் கட்டத்தை எட்டிவிட்ட, இனிப் பெருகும் ஆற்றல் இல்லாத செல் என்றே அதுவரை கருதப்பட்டு வந்தது. அது உறங்கும் செல், தக்க தூண்டுதல் கிடைத்தால் எழுந்து பல்கிப் பெருகும் என்பதை ராஜ்மா காட்டிக் கொடுத்தது. தொற்று ஏற்படும்போது உடலுக்குள் நிகழும் படைதிரட்டலைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அறிவியலுக்குக் கிடைத்தது.

லெக்டின் எப்படி வெள்ளணுவை எழுப்புகிறது? நமது டி செல்கள் ஒவ்வொன்றிலும் ஓர் ஏற்பி இருக்கிறது. அது ஒரு பூட்டு. குறிப்பிட்ட கிருமியின் குறிப்பிட்ட துணுக்கு மட்டுமே அதற்குச் சாவி. கோடிக்கணக்கான டி செல்களில் ஒரு கிருமியை அடையாளம் காண்பவை மிகச் சிலவே. லெக்டின் சாவியைத் தேடுவதில்லை. பூட்டுகள் வெவ்வேறாக இருந்தாலும் அவற்றின் மீது போர்த்திய சர்க்கரைச் சங்கிலிகள் ஒரே தன்மையுடையவை. பி.எச்.ஏ. மூலக்கூறு நான்கு பகுதிகளால் ஆனது. ஒரே நேரத்தில் பல சங்கிலிகளைப் பற்றும். ஆகவே, செல்லின் மேற்பரப்பில் சிதறிக் கிடக்கும் ஏற்பிகளை அது ஓரிடத்தில் இழுத்துச் சேர்க்கிறது. ஏற்பிகள் கூடினால், சாவி விழுந்துவிட்டதாகவே செல் எடுத்துக் கொள்கிறது. ஊரில் உள்ள வீடுகளின் பூட்டுகளைத் திறக்காமல், எல்லாக் கதவுகளையும் ஒரே சமயத்தில் தட்டி எழுப்புவது போன்றது இது.

அதன் பின் நடப்பவை, உண்மையான கிருமியைக் கண்டபோது நடப்பவையே. சில நிமிடங்களில் செல்லுக்குள் கால்சியத்தின் அளவு உயர்கிறது. சில மணி நேரத்தில் உறங்கிய மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. செல் 'இன்டர்லூக்கின்-2' என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரக்கிறது. அதைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பியையும் தன் மீது அதிகமாக உருவாக்கிக் கொள்கிறது. பின்னர் உருவில் பெருத்து, டி.என்.ஏ.வை இரட்டித்து, பிரியத் தொடங்குகிறது. இவை அனைத்துக்கும் மோனோசைட் போன்ற துணைச் செல்களும் அருகில் இருக்க வேண்டும். டி செல்களை மட்டும் தனித்துப் பிரித்து வைத்தால் எழுச்சி மங்கிவிடும்.

இந்த ஒரு கருவியால் மருத்துவம் அடைந்த பயன்கள் பல. குரோமோசோம்களைப் பார்க்க வேண்டுமானால் பிரியும் நிலையில் உள்ள செல்கள் தேவை. முன்பு அதற்காக எலும்பு மஜ்ஜையையோ தோலையோ எடுக்க வேண்டியிருந்தது. பி.எச்.ஏ. வந்த பிறகு கையில் ஊசி குத்திச் சிறிது ரத்தம் எடுத்தாலே போதும் என்றாயிற்று. டவுன் குறைபாடு உள்ள குழந்தைக்கும், மீண்டும் மீண்டும் கரு கலையும் பெண்ணுக்கும் இன்று செய்யப்படும் குரோமோசோம் சோதனை இந்த வழியில் வந்ததே.

1976-இல் அமெரிக்காவில் மார்கன், ரஸ்செட்டி, கேலோ ஆகியோர், பி.எச்.ஏ.வால் தூண்டிய வெள்ளணுக்கள் வளர்ந்த திரவத்தில் டி செல்களை நெடுநாள் வாழவைக்கும் ஒரு பொருள் இருப்பதைக் கண்டனர். அதுவே பின்னர் இன்டர்லூக்கின்-2 என்று பெயர் பெற்றது. 1983-இல் பாரிஸின் பாஸ்டர் ஆய்வு நிறுவனத்தில், ஒரு நோயாளியின் நிணநீர் முடிச்சிலிருந்து எடுத்த செல்களைப் பி.எச்.ஏ.வையும் அந்த வளர்ச்சிப் பொருளையும் கொண்டு வளர்த்துத்தான், எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான வைரஸ் முதன்முதலாகப் பிடிக்கப்பட்டது. உறங்கும் டி செல்லில் பதுங்கியிருந்த வைரஸை வெளியே கொண்டுவர, செல்லை எழுப்ப வேண்டியிருந்தது. அந்த ஆய்வுக்காகப் பிரான்ஸுவாஸ் பாரே-சினூஸிக்கும் லுக் மொன்டானியேவுக்கும் 2008-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எழுப்புவது மட்டுமின்றி, பிரித்தறிவதும் லெக்டினின் பணியே. நிலக்கடலையின் லெக்டின், தைமஸ் சுரப்பியில் முதிராத டி செல்களைப் பற்றும், முதிர்ந்தவற்றை விட்டுவிடும். செல் முதிரும்போது அதன் சர்க்கரைச் சங்கிலியின் நுனி மூடப்பட்டுவிடுவதே காரணம். 1976-இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தார் இந்த வேற்றுமையைப் பயன்படுத்தி இரு வகைச் செல்களையும் பிரித்துக் காட்டினர். இந்த அறிவு விரைவிலேயே உயிர் காக்கப் பயன்பட்டது. பிறவியிலேயே நோயெதிர்ப்பு ஆற்றல் இல்லாத குழந்தைகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றினால் பிழைக்க வழியுண்டு. ஆனால், பாதி மட்டுமே பொருந்தும் பெற்றோரின் மஜ்ஜையில் உள்ள முதிர்ந்த டி செல்கள் குழந்தையின் உடலையே தாக்கிவிடும். 1980-களின் தொடக்கத்தில் சோயா லெக்டினைக் கொண்டு மஜ்ஜையின் முதிர்ந்த செல்களைத் திரளச் செய்து நீக்கி, எஞ்சிய டி செல்களை மற்றொரு முறையால் அகற்றி, மூலச் செல்களை மட்டும் குழந்தைக்குச் செலுத்தினர். பொருத்தமான உடன்பிறப்பு இல்லாத குழந்தைகளுக்கு அது புதிய வாழ்வாக அமைந்தது.

நம் பலாக்கொட்டையில் உள்ள 'ஜாக்கலின்' என்ற லெக்டினும் குறிப்பிடத்தக்கது. நம் உடலின் ஈரச் சவ்வுகளைக் காக்கும் எதிர்ப்புரதங்களில் ஐ.ஜி.ஏ.-1 என்ற வகையை அது தேர்ந்து பற்றுவதால், அதைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க ஆய்வகங்களில் பயன்படுகிறது. அதன் முப்பரிமாண அமைப்பை 1996-இல் கண்டறிந்தவர்கள் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் எம். விஜயன் தலைமையில் இயங்கிய குழுவினர்.

இவ்வளவு நன்மைகளைப் படித்தவர், 'அப்படியானால் லெக்டின் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் மருந்துதானே' என்று நினைக்கலாம். இங்கேதான் கவனம் தேவை. ஆய்வகத்தில் கான்கனாவலின்-ஏயின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால், டி செல்களின் எழுச்சி ஓர் உச்சத்தை எட்டிப் பின்னர் சரியத் தொடங்கும். அளவு மிகுந்தால் அதே பொருள் செல்லின் மேற்பரப்பில் ஏற்பிகளை நகரவிடாமல் இறுக்கிப் பிடித்துவிடும். எழுப்பிய கையே கட்டிப் போடுகிறது. உரம் இட இட விளைச்சல் ஓர் அளவு வரை கூடி, அதன்பின் குறையும் என்று வகுப்பில் நான் வரைந்து காட்டிய வளைகோடே இங்கும் தோன்றுகிறது.

அதைவிட முக்கியமானது இடம். குடுவையில் டி செல்களை எழுப்பும் கான்கனாவலின்-ஏயை எலியின் ரத்த நாளத்தில் செலுத்தினால், சில மணி நேரத்தில் அதன் கல்லீரல் அழற்சியுற்று அழியத் தொடங்குகிறது. கல்லீரலைச் சிதைப்பது லெக்டின் நேரடியாக அல்ல. அது தட்டி எழுப்பிய எலியின் சொந்த டி செல்களே. தன்னுடலைத் தானே தாக்கும் கல்லீரல் நோயை ஆராய, 1990-களிலிருந்து இந்த முறையே மாதிரியாகப் பயன்படுகிறது. எதிர்ப்பு மண்டலம் எழுவது எப்போதும் நன்மை என்று நினைப்போர் இந்த ஒரு சோதனையை நினைவில் கொள்ள வேண்டும். மனிதரிலும் இதற்குச் சான்று உண்டு. இன்டர்லூக்கின்-2 சிறுநீரகப் புற்றுநோய்க்கு மருந்தாக 1992-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. சிலருக்கு நீடித்த குணம் தந்த அந்த மருந்து, ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் சரியும் ஆபத்தையும் உடன்கொண்டு வந்ததால், மருத்துவமனையின் தீவிரக் கண்காணிப்பில்தான் கொடுக்கப்பட்டது.

உடல் தன் படையை எழுப்புவதற்கு எவ்வளவு ஏற்பாடு செய்திருக்கிறதோ, அவ்வளவு ஏற்பாட்டை அதை அடக்குவதற்கும் செய்திருக்கிறது. அடக்கும் பணியைச் செய்யும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் குறித்த ஆய்வுக்கே 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. என் மனைவியின் மூட்டுகளைச் சிதைத்ததும் எதிர்ப்பு சக்தியின் குறைவு அல்ல. அது தவறான திசையில் மிகுந்து போனதே. எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லும் பொடியை விற்பவர், எந்தச் செல்லை, எவ்வளவு, எத்தனை நாள்களுக்குக் கூட்டுகிறார் என்று சொல்வதில்லை. கரோனா காலத்தில் பெருகிய அந்தச் சந்தை இன்னும் சுருங்கவில்லை.

இனி, பருப்பை விட்ட நண்பரின் அச்சத்துக்கு வருவோம். அதில் உண்மை அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பயறு வகைகளிலேயே சிவப்பு ராஜ்மாவில்தான் பி.எச்.ஏ. மிக அதிகம். வேகாத நான்கைந்து விதைகளைத் தின்றாலே ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் குமட்டல், கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். பச்சை விதையின் லெக்டின் குடல் சுவரின் சர்க்கரைகளைப் பற்றிக்கொள்வதே காரணம். 2006-இல் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, வெள்ளை ராஜ்மாவை மூன்று நிமிடம் வறுத்துப் பொடித்துச் சோற்றில் தூவி உண்டால் உடல் மெலியும் என்று சொல்ல, அதை நம்பிச் செய்த நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர்.

ஆனால், நன்கு கொதித்தால் இந்தப் புரதத்தின் மடிப்பு குலைந்து, சர்க்கரையைப் பற்றும் பிடி அழிந்துவிடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தரும் கணக்கு இதைத் தெளிவாக்குகிறது. சிவப்பணுக்களைத் திரட்டும் திறனை அளவிடும் அலகில், பச்சை ராஜ்மாவில் 20,000 முதல் 70,000 வரை இருக்கும். முழுமையாக வெந்த ராஜ்மாவில் 200 முதல் 400 வரையே இருக்கும். அந்த நிர்வாகம் பரிந்துரைக்கும் முறை எளியது: குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் 30 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கொதிநிலையை எட்டாத இளஞ்சூட்டில் மெல்ல வேகவைக்கும் மின்பாத்திரங்களைத்தான் ராஜ்மாவுக்குத் தவிர்க்க வேண்டும்; 80 டிகிரிக்குக் குறைவான வெப்பத்தில் நச்சுத்தன்மை குறையாததோடு, பச்சை விதையைவிடக் கூடவும் செய்யலாம். இரவே ஊறவைத்து, மறுநாள் குக்கரில் வேகவைக்கும் நம் வீட்டு வழக்கத்தில் இதற்கு இடமில்லை.

சமைத்த உணவிலிருந்து லெக்டின் ஒரு துளியும் உடலுக்குள் செல்லாது என்று நான் வாதிடவில்லை. நிலக்கடலை தின்றவர்களின் ரத்தத்தில் அதன் லெக்டின் முழுமையான வடிவில் சிறிதளவு காணப்பட்டதை 1998-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது. அது மேலும் ஆராயத்தக்க செய்தி. ஆனால், பருப்பும் பயறும் மிகுதியாக உண்போருக்கு இதயநோய் குறைவாகவே காணப்படுகிறது என்று பல நாடுகளில் நெடுங்காலம் நடந்த கணக்கெடுப்புகள் கூறுகின்றன. இத்தகைய கணக்கெடுப்புகள் காரணத்தை உறுதிப்படுத்துவதில்லை என்பதை ஒரு பொருளியலாளனாக நான் அறிவேன். எனினும், பருப்பு நஞ்சு என்ற கூற்றுக்கு அவற்றில் ஆதரவு இல்லை என்று சொல்லலாம்.

விலக்க வேண்டியவற்றை ஐயமின்றி விலக்க வேண்டும். ரைசினும் அப்ரினும் வேறு இனம். அவற்றின் ஒரு பாதி லெக்டின். செல்லின் சர்க்கரையைப் பற்றி உள்ளே நுழைகிறது. மறு பாதி, செல் புரதம் தயாரிக்கும் இடத்தையே முடக்கிவிடுகிறது. 1978-இல் லண்டனில் பல்கேரிய எழுத்தாளர் ஜார்ஜி மார்கோவ் கொல்லப்பட்டது ரைசினால்தான் என்று கருதப்படுகிறது. குன்றிமணியும் ஆமணக்கு விதையும் குழந்தைகளின் கைக்கு எட்டக் கூடாது. விளக்கெண்ணெயை முறையாக எடுக்கும்போது ரைசின் எண்ணெயில் சேராமல் பிண்ணாக்கில் தங்கிவிடுகிறது. அதனால்தான் ஆமணக்குப் பிண்ணாக்கைக் கால்நடைக்குப் போடாமல் வயலுக்கு உரமாக இடுகிறோம்.

பொருளியலில் மாணவர்களுக்கு முதலில் கற்பிக்கும் எச்சரிக்கை ஒன்று உண்டு. ஒரு குடும்பம் செலவைக் குறைத்துச் சேமித்தால் அதற்கு நல்லது. நாட்டின் எல்லாக் குடும்பங்களும் ஒரே நேரத்தில் அவ்வாறே செய்தால் வாங்குவார் இன்றித் தொழில்கள் முடங்கும். பகுதிக்குப் பொருந்துவது முழுமைக்குப் பொருந்தும் என்று எண்ணுவது பிழை. குடுவையில் ஒரு செல் நடந்துகொள்வதைக் கண்டு, உடல் முழுவதும் அவ்வாறே நடக்கும் என்று முடிவு கட்டுவதும் அதே பிழைதான். பருப்புக்கு அஞ்சும் நண்பரும் பொடியை நம்பும் நண்பரும் எதிரெதிர்த் திசையில் சென்றாலும், வழுக்கி விழுந்த இடம் ஒன்றே.

இந்தப் பிழையின் விலையை எல்லோரும் சமமாகக் கொடுப்பதில்லை. ஓய்வூதியம் பெறும் என் நண்பர் பருப்பை விட்டால் பாலும் முட்டையும் பாதாமும் வாங்கிக் கொள்வார். உலகில் பயறு வகைகளை மிக அதிகமாக விளைவிப்பதும் உண்பதும் நம் நாடுதான். கோடிக்கணக்கான ஏழை வீடுகளில் தட்டில் விழும் புரதத்தின் ஒரு முக்கியப் பங்கு பருப்பிலும் பயறிலும் இருக்கிறது. அரைகுறையான அறிவியல் அந்த வீடுகளை எட்டி, தாய்மார்கள் குழந்தையின் சோற்றில் பருப்பு சேர்க்கத் தயங்கினால் இழப்பு பெரிது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதாக விற்கப்படும் பொருள்கள் மனிதரிடம் முறையாகச் சோதிக்கப்பட்ட சான்றை முன்வைக்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்த வேண்டும். உணவைப் பற்றி அச்சமூட்டும் செய்தியைக் கேட்பவர்களும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். சோதனை குடுவையிலா, விலங்கிலா, மனிதரிலா? கொடுத்த அளவு என்ன? சமைத்ததா, சமைக்காததா?

என் மனைவியின் ஸ்டீராய்டு மருந்தை மருத்துவர் மெல்லக் குறைத்தார். சில வாரங்களுக்குப் பின் ரத்தம் மீண்டும் சோதனைக்குச் சென்றது. இம்முறை ராஜ்மா தட்டியபோது அணுக்கள் எழுந்தன. காசநோய்க் குழாயிலும் எழுந்தன. கிருமி உறங்கிக் கொண்டிருந்தது உறுதியாயிற்று. தடுப்பு மருந்தை முறைப்படி தொடங்கிய பிறகே ஊசி போடப்பட்டது. முதல் அறிக்கையின் மௌனத்தை நம்பி ஊசியைத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க இப்போதும் அச்சமாக இருக்கிறது. இன்று அவர் படியேறுகிறார், சமைக்கிறார். வாரம் ஒருமுறை எங்கள் வீட்டில் ராஜ்மா குழம்பு உண்டு. முந்தைய இரவே ஊறவைத்து, நீரை மாற்றி, நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகுதான் அடுப்பை அணைக்கிறோம்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).